சிறு சுருள்வில்லும் 124 உயிர்களும்

நம்மில் எவரும் பிரேக்கைக் கழற்றிச் சோதித்துவிட்டு வண்டியில் ஏறுவதில்லை. சாவியைத் திருப்புகிறோம், வண்டி புறப்படுகிறது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறோம், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். நாம் ஒருபோதும் கண்டிராத பொறியாளர் ஒருவர், நாம் ஒருபோதும் நுழைந்திராத தொழிற்சாலை ஒன்றில், தம் வேலையைச் செவ்வனே செய்திருப்பார் என்னும் நம்பிக்கையே நம்மை வண்டியில் ஏற்றுகிறது. அந்த நம்பிக்கை எங்கேனும் பொய்த்துவிட்டால், அதை அறிந்தவர்கள் நமக்கு அறிவிப்பார்களா? அறிவித்தால் நாம் செவிசாய்ப்போமா? இவ்விரு வினாக்களும் இன்று வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரியவை.

'இன்ன நிறுவனம் இத்தனை ஆயிரம் கார்களைத் திரும்பப் பெறுகிறது' என்னும் செய்தியை நாளேடுகளில் அவ்வப்போது காண்கிறோம். படித்தவுடன், 'அந்த நிறுவனத்தின் வண்டிகள் மட்டமானவை போலும்' என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். உண்மை வேறு. குறையே இல்லாத இயந்திரத்தை இதுவரை எவரும் படைத்ததில்லை. குறையைக் கண்டதும் வாயைத் திறந்து சொல்கின்ற நிறுவனம் எது, வாயை மூடிக்கொள்கின்ற நிறுவனம் எது என்பதே நாம் கவனிக்க வேண்டிய வேறுபாடு.

திரும்பப் பெறுதல் என்பது யாது?

ஒரு காரில் பல்லாயிரம் உறுப்புகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கார் நிறுவனமே செய்வதில்லை. பல துணைத் தொழிற்சாலைகள் செய்து அனுப்புகின்றன. ஓர் உறுப்பின் வடிவமைப்பிலோ, உலோகத்திலோ, பொருத்திய முறையிலோ பிழை நேர்ந்தால், அது ஒரு வண்டியோடு நில்லாது. அதே அச்சில் வார்த்த இலட்சக்கணக்கான வண்டிகளிலும் இருக்கும். ஓட்டுநரின் கவனக்குறைவால் நேரும் விபத்து ஓரிடத்தில் முடிகிறது. உறுப்பின் குறையால் நேரும் விபத்தோ, எத்தனையோ வீடுகளின் வாசலில் நின்று காத்திருக்கிறது. எனவேதான் குறையுள்ள வண்டிகள் அனைத்தையும் பணிமனைக்கு வரவழைத்து, உரிமையாளரிடம் கட்டணம் வாங்காது பழுதை நீக்கித் தரும் ஏற்பாடு தோன்றிற்று. இதையே 'ரீகால்' என்கிறார்கள். பெயர் திரும்பப் பெறுதல் என்றிருப்பினும், பெரும்பாலும் வண்டி நம்மிடமே இருக்கும். குறையுள்ள உறுப்பு மட்டுமே மாற்றப்படும்.

இந்த ஏற்பாடு நிறுவனங்களின் நல்லெண்ணத்தால் தானாக விளைந்ததன்று. 1965-ஆம் ஆண்டில் ரால்ஃப் நேடர் என்னும் அமெரிக்க வழக்கறிஞர், கார்களின் வடிவமைப்பிலேயே ஆபத்து ஒளிந்துள்ளது என்று காட்டி ஒரு நூல் எழுதினார். விபத்து என்றாலே ஓட்டுநரைக் குறைகூறிப் பழகியிருந்த நாடு விழித்துக்கொண்டது. மறு ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். குறையைக் கண்டால் வாங்கியவருக்கு அறிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் பணித்தது. ஆனால் இலவசமாகப் பழுதுபார்த்துத் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அக்கடமை 1974-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் வந்தது.

அதன் பின்பும் கசப்பான பாடங்கள் தொடர்ந்தன. ஃபோர்டு நிறுவனத்தின் பிண்டோ என்னும் சிறிய காரில் பெட்ரோல் தொட்டி பின் அச்சுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதினால் தொட்டி நசுங்கிக் கிழிந்து தீப்பற்றும் அபாயம் இருந்தது. 1978-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 15 இலட்சம் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. செய்த திருத்தமோ, தொட்டிக்கும் அச்சுக்கும் இடையில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு, பெட்ரோல் ஊற்றும் குழாயில் சிறு மாற்றம், அவ்வளவே. தீர்வு பலவேளைகளில் மலிவானது. காலந்தாழ்த்தலே விலை மிக்கது. இந்த உண்மையை வேறெந்த நிகழ்ச்சியையும்விடத் தெளிவாகக் காட்டுவது, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சாவி சுவிட்சு வரலாறு.

சாவித் துளையில் ஒளிந்திருந்த குறை

காரின் சாவியைச் செருகித் திருப்பும்போது, அது ஒவ்வொரு நிலையிலும் 'கிளிக்' என்று பதிவதை நாம் கையால் உணர்கிறோம். உள்ளே இருக்கும் சிறிய முளையொன்றைச் சுருள்வில் ஒன்று அழுத்திப் பிடித்துப் பள்ளத்தில் அமர்த்துவதால் அது நிகழ்கிறது. அச்சுருள்வில்லில் போதிய விசை இருக்கும்வரை சாவி ஓடும் நிலையில் உறுதியாக நிற்கும். விசை குறைந்தால், கனத்த சாவிக்கொத்தின் பாரமோ, முழங்காலின் சிறு இடியோ, மேடுபள்ளமான சாலையின் குலுக்கலோ போதும். சாவி தானாகவே பின்னோக்கி நழுவிவிடும்.

நழுவினால் என்ன ஆகும்? இயந்திரம் நின்றுவிடும். ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் மின்விசை போய்விடும். பிரேக்கை மிதிக்க உதவும் விசையும் குன்றிவிடும். விரைந்து செல்லும் வண்டி திடீரென்று இரும்புப் பாறைபோல் கனத்துவிடும். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு: மோதலின்போது விரிந்து உயிர்காக்க வேண்டிய காற்றுப்பைக்கும் மின்தொடர்பு அற்றுப்போகும். விபத்தை உண்டாக்கும் அதே குறை, அவ்விபத்திலிருந்து காக்கும் கருவியையும் அதே நொடியில் முடக்கிவிடுகிறது.

செவ்ரலே கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலிய கார்களில் பொருத்தப்பட்ட சுவிட்சு இத்தகையதாக இருந்தது. 2002-ஆம் ஆண்டில், நிறுவனமே வகுத்திருந்த அளவைவிட அதன் விசை குறைவு என்று தெரிந்திருந்தும், பொறுப்பிலிருந்த பொறியாளர் அதை ஏற்றுக்கொண்டார். கோபால்ட் விற்பனைக்கு வந்த காலத்திலேயே, ஓட்டிப் பார்த்தவர்களின் முழங்கால் பட்டு இயந்திரம் நின்றதாகச் செய்திகள் வந்தன. நிறுவனத்திற்குள் குழுக்கள் கூடின. திருத்த வழிகள் ஆராயப்பட்டன. செலவையும் காலத்தையும் கணக்கிட்டு அவ்வழிகள் ஒதுக்கப்பட்டன. 2005-ஆம் ஆண்டில் விற்பனையாளர்களுக்கு ஓர் அறிவுரை மட்டும் போயிற்று: சாவிக்கொத்தில் தேவையற்ற கனத்தை நீக்கச் சொல்லுங்கள் என்று. ஓடும் வண்டி நின்றுவிடுவதை 'வாடிக்கையாளரின் வசதி' பற்றிய பிரச்சினை என்ற பட்டியலில் சேர்த்தார்களேயன்றி, 'பாதுகாப்பு' என்ற பட்டியலில் சேர்க்கவில்லை. ஒரு சொல்லைத் தவறாகத் தேர்ந்ததன் விளைவு பல ஆண்டுகள் நீடித்தது.

2006-ஆம் ஆண்டில் அதே பொறியாளர், நீண்ட முளையும் வலுவான சுருள்வில்லும் கொண்ட புதிய சுவிட்சுக்கு ஒப்புதல் தந்தார். குறை நீங்கிற்று என்று மகிழலாம் அன்றோ? ஆனால் உறுப்பு மாறியபோது மாற வேண்டிய உதிரிப்பாக எண் மாற்றப்படவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணைத் தாங்கி நின்றன. பின்னாளில் ஆராய வந்தோர், 'முந்தைய கார்களில் மட்டும் இவ்விபத்துகள் ஏன் மிகுதி?' என்று குழம்பினர். ஏடுகளின்படி எந்த மாற்றமும் நிகழவில்லையே! இதனால் உண்மை ஆண்டுக்கணக்கில் புதைந்து கிடந்தது. சாலையில் ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களும் பழைய சுவிட்சோடே ஓடின.

நிறுவனத்தின் வல்லுநர்கள் காணாததை வெளியார் கண்டனர். 2006-ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் கோபால்ட் கார் ஒன்று மரத்தில் மோதி இளம்பெண்கள் இருவர் உயிரிழந்தனர். அவ்விபத்தை ஆராய்ந்த காவலர் ஒருவர், சாவி நழுவியதற்கும் காற்றுப்பை விரியாமைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2007-ஆம் ஆண்டிலேயே தம் அறிக்கையில் எழுதிவைத்தார். அவ்வறிக்கை நிறுவனத்தின் கோப்புகளிலும் இடம்பெற்றிருந்தது. ஆனால் அதன் பொருளை உணர்ந்து செயற்பட்டவர் எவருமில்லை.

முடிச்சை அவிழ்த்தது ஒரு தந்தை தாயின் துயரமே. 2010-ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் மகளைப் பறிகொடுத்த பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் சார்பில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், விபத்துக்குள்ளான காரின் சுவிட்சையும், கடையில் வாங்கிய புதிய சுவிட்சையும் பிரித்து அருகருகே வைத்து அளந்தார். எண் ஒன்றே; ஆனால் முளையின் நீளம் வேறு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபாட்டில் உண்மை வெளிப்பட்டது. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிறுவனம் கார்களைத் திரும்பப் பெறத் தொடங்கிற்று. அதன் எண்ணிக்கை சில வாரங்களில் 26 இலட்சமாக உயர்ந்தது.

மௌனத்தின் விலை

அவ்வாண்டு ஜனவரியில்தான் மேரி பாரா என்னும் பெண்மணி அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தார். ஏப்ரல் முதல் நாள் அவர் அமெரிக்கக் காங்கிரசின் முன்னே விசாரணைக்கு நின்றார். உயிரிழந்தோரின் படங்களை ஏந்திய குடும்பத்தினரும் அங்கு வந்திருந்தனர். சுவிட்சைச் சீர்செய்ய ஆகும் உதிரிப்பாகச் செலவு 57 சென்ட் என்று அவ்விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டது. ஒரு டாலரில் பாதிக்குச் சற்றே மேற்பட்ட தொகை!

நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியம் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 124 உயிரிழப்புகளுக்கு இச்சுவிட்சைக் காரணமாக ஏற்றுக்கொண்டது. காயமுற்றோர் 275 பேர். 2015-ஆம் ஆண்டில் நிறுவனம் அரசுக்கு 90 கோடி டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. காசைச் சேமிக்கப்போய்க் கோடிகளை இழந்தனர். இழந்த உயிர்களையோ எந்தக் கோடியாலும் மீட்க இயலாது.

முன்னாள் அரசு வழக்கறிஞர் ஆன்டன் வலூகாஸ் இது குறித்து விரிவான விசாரணை அறிக்கை அளித்தார். அதில் நம் நெஞ்சைத் தைக்கும் இரண்டு செய்திகள் உள்ளன. கூட்டத்தில் எல்லாரும் ஒரு திட்டத்திற்குத் தலையசைப்பார்களாம். அறையை விட்டு வெளியேறியதும் ஒருவரும் அதை நிறைவேற்ற மாட்டார்களாம். இதற்கு அந்நிறுவனத்தாரே 'ஜி.எம். தலையசைப்பு' என்று பெயர் வைத்திருந்தனர். இரண்டாவது 'ஜி.எம். வணக்கம்': கைகளை மார்பின் குறுக்கே மடித்து, இருபுறமும் அடுத்தவரைச் சுட்டிக்காட்டுவது. 'பொறுப்பு என்னுடையதன்று, அவருடையது' என்பது அதன் பொருள்.

இவ்வரலாற்றில் கொலை செய்ய நினைத்தவர் எவருமில்லை. அவர்களும் தத்தம் பிள்ளைகளைக் காரில் ஏற்றிச் செல்பவர்களே. ஒவ்வொருவரும் தமக்கு முன்னிருந்த தாளை மட்டும் பார்த்தனர்; அடுத்த மேசையில் இருந்த தாளைக் கேட்டுப் பெறவில்லை. தீமை பெரிய கொடுமைக்காரர்களால் மட்டும் விளைகிறது என்று நாம் எண்ணுகிறோம். தலையசைத்துவிட்டு வீட்டிற்குச் செல்கின்ற நல்லவர்கள் பலர் கூடினாலும் அது விளையும் என்பதற்கு இது சான்று.

காக்க வந்த பையே கத்தியாகியது

இதனினும் பரந்த அளவில் நிகழ்ந்தது டக்காட்டா காற்றுப்பை விவகாரம். டக்காட்டா என்பது ஜப்பானிய நிறுவனம். உலகின் பல கார் நிறுவனங்களுக்கும் காற்றுப்பைகளைச் செய்து கொடுத்து வந்தது. கார் மோதியவுடன் ஒரு சிறு உலோகக் குப்பியிலுள்ள வேதிப்பொருள் எரிந்து வாயுவை உண்டாக்கும். கண்ணிமைக்கும் நேரத்திற்குள் பை உப்பி ஓட்டுநரின் முகத்தையும் மார்பையும் தாங்கிக்கொள்ளும். டக்காட்டா இதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. அது ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்க, ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் கட்டிகள் தம் உறுதியை இழந்தன. அத்தகைய கட்டிகள் எரியவேண்டிய வேகத்தினும் மிகுதியான வேகத்தில் எரிந்தன; குப்பி வெடித்து, உலோகச் சில்லுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தன.

2014-ஆம் ஆண்டு ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் நிகழ்ந்த விபத்தொன்றில், இறந்த பெண்ணின் கழுத்திலிருந்த காயங்களைக் கண்ட காவல்துறையினர், எவரோ கத்தியால் குத்தியிருக்க வேண்டும் என்று முதலில் ஐயுற்றனர். அதே ஆண்டில் மலேசியாவிலும் கருவுற்றிருந்த பெண் ஒருவர் இவ்வாறு உயிரிழந்தார். ஈரமும் வெப்பமும் மிகுந்த ஊர்களிலேயே ஆபத்து மிகுதி என்பது புலனாயிற்று. அமெரிக்காவில் மட்டும் 6 கோடியே 70 இலட்சம் காற்றுப்பைக் குப்பிகள் திரும்பப் பெறும் பட்டியலில் சேர்ந்தன. உலகெங்கும் கணக்கிட்டால் 10 கோடியளவு. சோதனை முடிவுகளைத் திருத்தி எழுதி வாடிக்கை நிறுவனங்களை ஏமாற்றியதாக டக்காட்டா 2017-ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்ற வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு ஜூனில் நொடித்துப்போயிற்று. இந்தியாவிலும் சில நிறுவனங்கள் அக்காற்றுப்பைகளை மாற்றித் தந்தன.

இங்கே மற்றொரு துயரமும் உண்டு. மாற்றிக்கொள்ள வருமாறு அழைப்பு வந்தும் வாராது, பழைய பையோடு வண்டியை ஓட்டி உயிரிழந்தோரும் இருக்கின்றனர். பழைய கார்கள் கைமாறிக் கைமாறிச் செல்கின்றன. கடிதமோ முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போகிறது. ஏழைக் குடும்பம் சிக்கனத்தின் பொருட்டு வாங்கிய பழைய வண்டிக்கே எச்சரிக்கை எட்டாமற் போகிறது.

நம் நாட்டின் சட்டம்

இந்தியாவில் நெடுங்காலம் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2012-ஆம் ஆண்டில் மோட்டார் வாகன உற்பத்தியாளர் சங்கம், தானே முன்வந்து திரும்பப் பெறுவதற்கான நெறிமுறை ஒன்றை வகுத்தது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் அது நின்றது. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமே இதற்கு வலு அளித்தது. அதன் 110-அ பிரிவின்படி, மனிதருக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைக்கும் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசே ஆணையிட முடியும். உரிமையாளருக்கு வண்டியின் விலையைத் திருப்பித் தருதல், வேறு வண்டி தருதல், பழுதை நீக்கித் தருதல் ஆகிய கடமைகளும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. இதற்கான விதிகள் 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. ஆணைப்படி திரும்பப் பெற நேரும் நிறுவனத்திற்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடமுண்டு. உரிமையாளர்களின் முறையீடுகள் குறிப்பிட்ட விழுக்காட்டை எட்டுவதும் அரசின் ஆணைக்கு ஒரு காரணமாகலாம். ஆகவே நம் முறையீடு காற்றில் கரையும் சொல்லன்று. எழுதிக் கொடுத்தால் எண்ணிக்கையில் ஒன்றாகச் சேரும்.

குடும்பங்கள் கவனிக்க

முதலாவதாக, வண்டியின் பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அதைச் சொன்னால் போதும். உங்கள் வண்டி திரும்பப் பெறும் பட்டியலில் உள்ளதா என்று நிறுவனத்தின் பணிமனையில் பார்த்துச் சொல்வார்கள். பழைய வண்டி வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள். முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் பணிமனையில் தெரிவியுங்கள்.

இரண்டாவதாக, அழைப்புக் கடிதம் வந்தால் 'வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது' என்று ஒத்திப்போடாதீர்கள். மேற்கூறிய கார்களுள் பல விபத்து நேர்ந்த நொடிவரை நன்றாகவே ஓடின. ஓட்டவே கூடாது என்று கடிதம் சொன்னால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவதாக, காரின் தரையில் இடும் மிதியடியைக்கூட அற்பமாக எண்ணாதீர்கள். 2009-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பொருந்தாத மிதியடி ஒன்று ஆக்சிலரேட்டரைச் சிக்கவைத்ததால், ஒரே காரில் சென்ற நால்வர் மாண்டனர். டொயோட்டா நிறுவனம் பல இலட்சம் கார்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. உங்கள் வண்டிக்கென்றே செய்த மிதியடியை, கொக்கியில் மாட்டி இடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இடாதீர்கள். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவிகளையெல்லாம் கோத்துத் தொங்கவிடாதீர்கள். காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு அணையாது எரிந்தால் பணிமனைக்குச் செல்லுங்கள்.

நான்காவதாக, ஓடும்போது வண்டி நின்றாலோ, பிரேக் தளர்ந்தாலோ, நாளையும் வண்டி ஓடிய தொலைவையும் குறித்து எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒருவரது முறையீடு தற்செயல் எனப்படலாம். நூறு பேர் எழுதினால் அது சான்றாகும்.

இறுதியாக, தொழிற்சாலைகளில் பணியாற்றும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கோவையிலும் வண்டி உறுப்புகளைச் செய்கின்ற கைகள் நம் பிள்ளைகளின் கைகளே. அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 'மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார்' என்று கடந்துபோக மனம் தூண்டும். அன்றைய இலக்கை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியும் இருக்கும். அந்த நேரத்தில், இவ்வுறுப்பு என் தாய் பயணம் செய்யும் வண்டியில் பொருந்தப்போகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். கண்ட குறையை வாயால் மட்டும் சொல்லாது, தாளில் எழுதி, நாளிட்டுக் கொடுங்கள். பெற்றோரே, அவ்வாறு சொன்னதற்காக மகனோ மகளோ மேலதிகாரியின் கடுஞ்சொல்லுக்கு ஆளாகி வீடு திரும்பினால், 'உனக்கேன் இந்த வம்பு?' என்று கேளாதீர்கள். 'நல்லது செய்தாய்' என்று சொல்லிச் சோறு பரிமாறுங்கள். அந்த ஒரு சொல், என்றோ எங்கோ முகமறியாத ஒரு குடும்பத்தைப் பத்திரமாக வீடு சேர்க்கும்.